மாதனூர் மனையை விற்று சென்னையில் ஃப்ளாட் வாங்கலாமா?

"மாதனூரில் இருக்கும் ஐந்து சென்ட் இடத்தைக் கொடுத்துவிட்டு சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கிவிடலாமா?"

ஆம்பூர், மாதனூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் தொழிலை நம்பி வாழும் நம் பகுதிகளில், பெருநாளுக்குப் பிள்ளைகள் ஊர் வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறான். ஊரில் தகப்பனார் பெயரில் ஒரு மனை சும்மா கிடக்கிறது. அதை விற்று, குறைந்த பணத்துக்கு வங்கியில் கடன் போட்டால் சொந்த வீடு கிடைத்துவிடும் என்பது கணக்கு. கேட்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் எழுதப்படாத வரிகள் சில இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களை நமது மஹல்லாக்களிலேயே பார்க்கிறோம்.

முதலில், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதைப் பார்ப்போம்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. ஏறத்தாழ சென்னைக்காரர்கள் சொல்லும் ஒரு கிரவுண்டு. அதன் நான்கு எல்லைகளும் நம்முடையவை. ஃப்ளாட் வாங்கும்போது கிடைப்பது அப்படிப்பட்ட மனை அல்ல. கட்டடம் நிற்கும் நிலத்தில் நமக்கென்று ஒரு பங்கு எழுதித் தருவார்கள். யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு அது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி நிலத்தில் ஒரே அளவுள்ள பன்னிரண்டு வீடுகள் கட்டினால், ஒரு வீட்டுக்கு 400 சதுர அடி வரும். ஒரு சென்ட்கூட இல்லை. அடுக்குகள் உயர உயர இந்தப் பங்கு இன்னும் சுருங்கும்.

ஆகவே ஐந்து சென்ட்டைக் கொடுத்து ஒரு சென்ட்டுக்கும் குறைவானதை வாங்குகிறோம். மீதிப் பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. சென்னையின் ஒரு சென்ட் மாதனூரின் ஐந்து சென்ட்டைவிட விலை கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் மதிப்பு ஏறுவது மண்ணுக்கு. கட்டடம் நாளாக நாளாகத் தேய்வது. விளம்பரத்தில் "1,200 சதுர அடி" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதில் மாடிப்படியும் லிஃப்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கும். உள்ளே நாம் கால் வைத்து நடக்கும் கார்பெட் ஏரியா எவ்வளவு, மனைப் பங்கு எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்காமல் பேச்சைத் தொடரவே கூடாது.

இந்த மனைப் பங்கு ஏன் முக்கியம் என்பது முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். கட்டடம் பழுதாகி இடித்துக் கட்ட வேண்டிய நிலை வரும்போது, நம் கையில் மிஞ்சியிருப்பது அந்தப் பங்கு ஒன்றுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை மறுகட்டுமானம் செய்யலாம். பிடிவாதக்காரர் ஒருவரால் எல்லோரும் இடிந்த கூரையின் கீழ் கிடக்க வேண்டியதில்லை என்பது நல்லது. ஆனால் நமக்கு விருப்பமில்லாவிட்டாலும் மற்றவர்கள் முடிவெடுத்தால் நாம் வெளியேற வேண்டியிருக்கும் என்பதும் அதே சட்டத்தின் மறுபக்கம்.

விலைக்கு மேல் வரும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் புதிய ஃப்ளாட்டுகளுக்கு மனைப் பங்கு தனி, கட்டுமான ஒப்பந்தம் தனி என்றில்லாமல் முழு மதிப்புக்கும் ஒரே கிரயப் பத்திரம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இதுவே 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டி முடிக்காத வீடு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி., இன்னொரு 3 லட்சம். பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிறகு உயிரோடு இருக்கும் வரை மாதப் பராமரிப்புத் தொகை. வாடகை கொடுத்து அலுத்துப்போய் சொந்த வீடு வாங்கியவர், சதுர அடிக்கு மூன்று ரூபாய் வீதம் மாதம் 3,000 ரூபாய் சங்கத்துக்குக் கட்டும்போதுதான் இது தீராத கணக்கு என்று உணர்கிறார்.

வட்டி என்ற பெரிய சுவர்

இனி, நமக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம்.

60 லட்சத்தில் 20 லட்சம் கையில் இருக்கிறது. 40 லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 34,700 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 83 லட்சத்துக்கும் மேல். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம். மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது மனதைச் சுடும் எண்.

"வாடகை கொடுப்பதும் வட்டி கட்டுவதும் ஒன்றுதானே" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒன்றல்ல. வாடகை, குடியிருந்ததற்கான விலை. வேலை போனால் சிறிய வீட்டுக்கு மாறலாம்; ஊருக்கே திரும்பலாம்; அந்த மாதத்தோடு கடமை முடிகிறது. தவணை அப்படி முடிவதில்லை. அதிலும் நம் பகுதியின் வருமானம் எப்படிப்பட்டது? 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஷூவும் தோல் பொருட்களும் அனுப்பும் நிறுவனங்கள் ஆர்டர் நிற்குமோ என்று கலங்கின. அந்த வரி எத்தனை மாதம் நீடித்தது என்பதல்ல இங்கே விஷயம். வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணின் ஓவர்டைம் சம்பளத்தைத் தொட்டுவிடும் என்ற நிலையில், இருபது ஆண்டுக்கு மாறாத தவணையில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்? அதுதான் விஷயம்.

"நிர்ப்பந்தம்" என்ற வாதமும் எழுகிறது. 1999-ல் ஐரோப்பிய ஃபத்வா மற்றும் ஆய்வு கவுன்சில், மேற்கத்திய நாடுகளில் வசிக்கும் முஸ்லிம்கள் குடியிருக்க வேறு வீடும் வேறு வழியும் இல்லாதபோது வங்கிக் கடனில் வீடு வாங்கலாம் என்று நிபந்தனைகளுடன் கருத்துச் சொன்னது. உலமாக்கள் பலர் அப்போதே அதை ஏற்கவில்லை. ஏற்பதாகவே வைத்துக்கொண்டாலும், மாதனூரில் வீடு கட்டத்தக்க மனையை வைத்துக்கொண்டு "எனக்கு வேறு வழியில்லை" என்று சொல்ல முடியுமா? ஒவ்வொருவரும் தம் மஹல்லா ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்க வேண்டிய கேள்வி இது. இணையத்தில் தேடி எடுக்கும் பொதுவான பதில் போதாது.

பிரிட்டனிலும் மலேசியாவிலும், வங்கியும் வாங்குபவரும் கூட்டாக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கை வாங்குபவர் சிறிது சிறிதாக விலைக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பங்குக்கு வாடகை செலுத்தும் முறை இருக்கிறது. இந்தியாவில் அந்தக் கதவு திறக்கவில்லை. இஸ்லாமிய வங்கி முறையைத் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் அளித்தது.

அந்த வெற்றிடத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள். பெங்களூருவின் ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் ஹலால் லாபம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டே போய்விட்டார். ஜூலையில் டெல்லியில் பிடிபட்டார். வீடு வாங்கவும் மகள் திருமணத்துக்கும் வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. வட்டிக்கு அஞ்சியவர்களின் அச்சத்தையே முதலாக்கிய கொடுமை அது. வீட்டுக்கென்று சேர்க்கும் பணத்தை, மாதாமாதம் கொழுத்த லாபம் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் தாடி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

அப்படியானால் வழி? மெதுவான வழிதான் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் மகன் 18,000 ரூபாய் வாடகையில் இருந்துகொண்டு, தவணைக்குக் கட்டியிருக்கக்கூடிய மீதி 16,700 ரூபாயைச் சேர்த்தால் பத்து ஆண்டில் 20 லட்சம். கையிலிருப்பதோடு 40 லட்சம். அதற்குள் வீட்டு விலையும் ஏறியிருக்கும், உண்மைதான். ஆனாலும் குடும்பத்துக்குள் அழகிய கடன் வாங்கி, வசதிக்குத் தக்க சிறிய வீட்டையோ பழைய வீட்டையோ வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கட்டுமான நிலைகளுக்கேற்பப் பணம் வாங்கும் கட்டுநர்களிடம் இரண்டு மூன்று ஆண்டில் பிரித்துக் கொடுக்கவும் முடியும். தாமதத்துக்கு வட்டி என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னரே படித்துவிட வேண்டும்.

கூட்டுக் குடித்தனம்

ஃப்ளாட்டுக்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சென்னையில் பெயரைக் கேட்டதும் "வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது" என்ற பதிலைக் கேட்காத முஸ்லிம் இளைஞர் குறைவு. "சைவம் மட்டும்" என்று ஒரு சொல்லில் கதவு சாத்தப்படும். இந்த அவமானத்திலிருந்து தப்பிக்கவே சொந்த வீடு தேடுபவர்கள் பலர். அவர்களுக்கு ஃப்ளாட் என்பது ஆடம்பரமல்ல.

ஆனால் வாங்கிய பிறகும் நாம் தனியாக இல்லை. புதிய சட்டப்படி உரிமையாளர் சங்கம் கட்டாயம். அதன் விதிகளுக்கு நாமும் கட்டுப்பட்டவர்கள். பக்ரீதில் வீட்டு வாசலில் குர்பானி கொடுத்துப் பழகிய குடும்பம், ஃப்ளாட்டில் வேறு ஏற்பாடுதான் செய்ய வேண்டும். விருந்தாளிகள் முப்பது பேர் வந்தால் செருப்பு எங்கே விடுவது என்பதுகூட அங்கே சங்கக் கூட்டத்துக்குப் போகும். இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள், கேட்கத் தயங்குகிற கேள்வி: வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால் ஜனாஸாவைக் கீழே இறக்க முடியுமா? சின்ன லிஃப்டில் சந்தூக் நுழையாது. குறுகலான படிக்கட்டில் நான்காவது மாடியிலிருந்து இறக்கிய அனுபவம் உள்ளவர்கள், வீடு பார்க்கப் போகும்போது முதலில் படிக்கட்டின் அகலத்தைத்தான் பார்ப்பார்கள். வயதான பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் நடை தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து போன மனிதரை ஒன்பதாவது மாடியில் உட்கார வைத்தால், நிலம் மட்டுமல்ல, அவருடைய நாளும் சுருங்கிவிடுகிறது.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக. எட்டு வீடுகளுக்கு மேலோ, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ கட்டப்படும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் கேட்டால், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்தச் சட்டம் 2016-ல் வருவதற்கு முன், 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அருகிலிருந்த மற்றொரு கோபுரம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பணம் கட்டியவர்களின் வீடுகளும் அதோடு போயின.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவது எல்லோரும் செய்வது. நாம் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: அந்த நிலம் வக்ஃபு சொத்தா என்று வக்ஃபு வாரியத்தில் விசாரிப்பது. 2025 ஏப்ரலில் நமக்குப் பக்கத்திலேயே, வேலூர் மாவட்டம் காட்டுக்கொல்லை கிராமத்தில், குடியிருக்கும் இடம் தர்காவின் வக்ஃபு நிலம் என்று சுமார் 150 குடும்பங்களுக்கு நோட்டீஸ் போனது நாடெங்கும் செய்தியானது. தலைமுறையாக இருப்பவர்களுக்கே அந்த நிலை என்றால், புதிதாக வாங்குபவர் கேட்காமல் இருக்கலாமா? வக்ஃபு நிலத்தைத் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்பது சட்டத்தின் முன்னும் நிற்காது. நமக்கு மனநிம்மதியும் தராது.

மகளின் பங்கு எங்கே?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

மனை தகப்பனார் பெயரில். அதை விற்ற பணத்தில் வாங்கும் ஃப்ளாட் யார் பெயரில்? பெரும்பாலும் சென்னையிலிருக்கும் மகன் பெயரில். "அவன்தானே கடன் கட்டப்போகிறான்" என்பார்கள். தகப்பனார் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் உரிமை கிடையாது. விற்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ஆனால் விற்ற பணத்தை ஒரு மகனுக்குக் கொடுப்பது அன்பளிப்பு, அதாவது ஹிபா. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பில் நீதமாக நடக்க வேண்டும் என்பது நபிவழி. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட மகளும், ஊரிலேயே தங்கி பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் இளைய மகனும் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? யாரும் கேட்பதில்லை; மகள் வாயைத் திறந்து கேட்டால் "உனக்குத்தான் கல்யாணத்துக்குச் செய்துவிட்டோமே" என்ற பதில் தயாராக இருக்கிறது.

சரி, ஃப்ளாட்டைத் தகப்பனார் பெயரிலேயே வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் மறைந்த பின் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். கடன் எதுவும் இல்லை. அவருடைய பெற்றோரும் இல்லை. 60 லட்சம் மதிப்புள்ள வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று, ஏழரை லட்சம். மகன்களுக்குத் தலா 21 லட்சம். மகளுக்குப் பத்தரை லட்சம். ஐந்து சென்ட் மனையாக இருந்தால் கயிறு பிடித்து அளந்து பிரித்துவிடலாம். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் மகளின் பங்கு எது, சமையலறையா? ஒன்று விற்க வேண்டும். அல்லது குடியிருக்கும் மகன் மற்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். "அம்மா இருக்கும்வரை பேசாதே" என்று தள்ளிப்போட்டு, தாயும் போய், பேரப்பிள்ளைகள் காலத்தில் வாரிசுகள் பதினைந்து பேராகி, எவராலும் விற்கவும் முடியாமல் வாழவும் முடியாமல் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. ஏமாறுவது எப்போதும் பெண்கள்தான்.

கடன் யார் கட்டினார்கள், அது தகப்பனாருக்கு உதவியா, மகனின் பங்கா என்பதை வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மனைவி பெயரில் வாங்கினாலும், அது அவருக்கே சொந்தமா, பெயர் மட்டுமா என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

ஊர் மண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதற்கில்லை. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு எப்படிக் கெடுத்தது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு பற்றியும் ஆற்றைச் சீரமைப்பது பற்றியும் உத்தரவிட வேண்டியிருந்தது. மாதனூரைச் சுற்றி மனை வாங்குபவரோ கட்டுபவரோ ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. நெடுஞ்சாலையோரம் வரிசையாகக் கொடி நட்டு விற்கும் மனைப்பிரிவுகளில் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம் இல்லாதவற்றைத் தொடவே வேண்டாம். அதே நேரத்தில், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலை முதல் இருக்கிறது. நம் ஐந்து சென்ட் அந்த அளவுக்குள் அடங்குகிறது. கீழே பெற்றோர், மேலே ஒரு மகன், பின்னால் மகளுக்கென்று ஒரு பகுதி என்று வட்டியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம்.

எனவே எங்கள் கருத்து இது. வேலையும் பிள்ளைகளின் படிப்பும் சென்னையில் உறுதியாக வேரூன்றிவிட்டது, வட்டிக் கடன் இல்லாமலேயே வாங்க முடிகிறது, ஊர் மனையைத் தொட வேண்டியதில்லை என்ற நிலையிலிருப்பவர் நல்ல மனைப் பங்குள்ள ஃப்ளாட்டைத் தாராளமாக வாங்கலாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டே ஆன மகனுக்காக, பெற்றோரின் ஒரே மனையை விற்று, மீதிக்கு வட்டிக் கடன் வாங்குவது வேண்டாம். அவர் இன்னும் சில காலம் வாடகையிலேயே இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விற்பதென்றே குடும்பம் முடிவெடுத்தால், தரகரை அழைக்கும் முன் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த ஐந்து சென்ட் தகப்பனார் சம்பாதித்ததா, பாட்டனாரிடமிருந்து வந்ததா? பாட்டனாருடையது என்றால் தகப்பனாரின் சகோதரிகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால் அவர்களுடைய கையெழுத்தும் வேண்டும், அவர்களுடைய பணமும் போய்ச் சேர வேண்டும். சென்னை ஃப்ளாட்டுக்கு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கை அதைக் கழித்த பிறகு போடுங்கள்.